ரெய்ன் ஆஃப் ஃபயர்: குறை சொல்பவர்கள் எங்கே சரி, எங்கே தவறு

கேள்வி இதுதான்: 2002இல் வந்த ‘ரெய்ன் ஆஃப் ஃபயர்’ படத்தைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் “ஏமாற்று வேலை, லாஜிக்கே கிடையாது” என்கிறார்கள். இன்னொரு சாரார் டிராகன் படங்களிலேயே உருப்படியானது இதுதான் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். யார் பேச்சை நம்புவது? இப்போது உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். குறை சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பலரும் குறையைத் தப்பான இடத்தில் வைக்கிறார்கள். டிராகன் நெருப்புக் கக்குவதைக் கிண்டல் செய்கிறார்கள். படத்தில் நன்றாக யோசித்த பகுதி அதுதான். கடைசி அரைமணி நேரக் கணக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓட்டை இருப்பது அங்கேதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முடிவு உட்பட எல்லாம் வரும். படம் பார்க்காதவர்கள் கடைசிக்கு முந்தைய இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டு, பார்த்த பிறகு திரும்பி வாருங்கள்.

கதை சுருக்கமாக: லண்டனில் சுரங்க ரயில் வேலைக்காகத் தோண்டும்போது, பாறைக்குள் உறங்கிக் கிடந்த டிராகன் ஒன்று விழித்துக்கொள்கிறது. அங்கே வேலை பார்க்கும் அம்மாவைப் பார்க்கப் பள்ளியிலிருந்து வந்த சிறுவன் க்வின் தப்புகிறான். அம்மா லிஃப்டிலேயே இறந்துபோகிறாள். கதை நேராக 2020க்குத் தாவுகிறது. உலகம் சாம்பலாகிவிட்டது. இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் ஒரு பழைய கோட்டைக்குள் க்வின் (கிறிஸ்டியன் பேல்) ஒரு சிறு கூட்டத்தைக் காப்பாற்றி வருகிறான். அங்கே அமெரிக்காவிலிருந்து டாங்கியும் ஹெலிகாப்டருமாக வான் ஜான் (மேத்யூ மெக்கானஹே) வந்து சேர்கிறான். அவனுடைய தொழில் டிராகன் வேட்டை. ஒளிந்து பிழைப்பதா, போய் அடிப்பதா என்பதுதான் இருவருக்கும் நடுவே உள்ள சண்டை.

முதல் குறை போஸ்டரிலிருந்து தொடங்குகிறது. லண்டன் நாடாளுமன்றம் பற்றி எரிய, கூட்டம் கூட்டமாக டிராகன்கள் பறக்க, ராணுவ ஹெலிகாப்டர்கள் அவற்றோடு மோதுவதாகப் போஸ்டர் போட்டார்கள். படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. மனிதர்களுக்கும் டிராகன்களுக்கும் நடந்த பெரும்போர் முழுவதும் பத்திரிகைத் துணுக்குகளாகவும் பேலின் குரலாகவும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காசு கொடுத்துப் போனவன் போரை எதிர்பார்த்தான். கிடைத்தது போர் முடிந்த பிறகு நடக்கும் பட்டினிக் கதை. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் விளம்பரப் பிரிவின் மேல் போக வேண்டியது. படத்தின் செலவு சுமார் 6 கோடி டாலர். அந்தப் போஸ்டர் காட்டியதை அந்தப் பணத்தில், 2002ஆம் வருடத்துக் கிராபிக்ஸில் எடுத்திருந்தால் பார்க்கவே சகிக்காது. வசூல் உலகம் முழுக்கச் சுமார் 8.2 கோடி டாலர், அதில் அமெரிக்காவில் மட்டும் 4.3 கோடி. வசூலில் ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும் என்பதால், செலவைத் தாண்டிய வசூல் என்றாலும் அது தியேட்டர் ஓட்டத்தில் லாபக் கணக்கு இல்லை. இரண்டாம் பாகம் வராததற்குக் காரணம் தேடுபவர்களுக்கு இந்த எண்களே போதும்.

“ராணுவமே தோற்ற மிருகத்தை வில்லும் அம்பும் எப்படிக் கொல்லும்?” என்பது அடுத்த குறை. படம் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அணுகுண்டு போட்டும் பயனில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது. ஆனால் பதில் இருக்கிறது, அது பெருக்கத்தில் இருக்கிறது. ஒன்றிலிருந்து தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பதாக வையுங்கள். வருடத்துக்கு நான்கு இரட்டிப்பு, ஐந்து வருடத்தில் இருபது. இருபதாவது இரட்டிப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஏவுகணை ஒரு டிராகனை வீழ்த்தும். பத்து லட்சத்துக்கு ஏவுகணை எங்கே போவது? எரிபொருள் கிடங்கும் தொழிற்சாலையும் எரிந்த பிறகு புதிதாகச் செய்யவும் முடியாது. ஒரு டிராகனை அடிக்க முடியும் என்பதும், எல்லாவற்றையும் சேர்த்து அடிக்க முடியவில்லை என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இதைச் சொல்ல ஒரே ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனம் இல்லாததால்தான் இத்தனை வருடமாகப் பலர் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படத்தின் உயிர் கோட்டைக்குள் இருக்கிறது. பிடித்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசும் காட்சியும் அங்கேதான் நடக்கிறது. குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, க்வினும் அவனுடைய நண்பன் க்ரீடியும் (ஜெரார்ட் பட்லர்) வாள் சண்டை போட்டு நாடகம் நடத்துகிறார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ கதையில் தகப்பன் யார் என்று மகனுக்குத் தெரியவரும் இடம். திரையரங்கு என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். சினிமா அழிந்த உலகத்தில் அதன் கதை வாய்மொழியாகி, கூத்தாகித் தப்பிப் பிழைத்திருக்கிறது. இரண்டே நிமிடத்தில் அந்த உலகம் முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று தக்காளித் தோட்டம். விளைச்சல் முற்றும்வரை கைவைக்கக் கூடாது என்பது க்வினின் கண்டிப்பு. கூட்டத்தில் ஒருவனான எட்டி (Eddie), பசி தாங்காமல் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரகசியமாகப் பறிக்கப் போகிறான். டிராகன் வருகிறது, வயல் எரிகிறது. இங்கே யார் தப்பு என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. இன்று சாப்பிட்டால் அடுத்த விதைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது, சாப்பிடாவிட்டால் விதைக்க ஆள் இருக்காது. முற்றுகையில் சிக்கிய எந்த ஊரும் மாட்டிக்கொள்ளும் கணக்கு இது. டிராகனை எடுத்துவிட்டாலும் இந்தக் காட்சி நிற்கும்.

கோட்டையின் தற்காப்பில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. டிராகன் வந்தால் நிலவறைக்கு ஓடு என்பதுதான் அவர்களுடைய பயிற்சி. கதவை அடைத்தால் சூடு வராது, சரி. ஆனால் மேலே பெரும் தீ எரியும்போது நிலவறையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சூடு அல்ல, கார்பன் மோனாக்சைடு. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் குண்டுவீச்சில் தீப்புயல் எழுந்தபோது, நிலவறைகளில் ஒளிந்திருந்தவர்களில் பலர் உடம்பில் தீக்காயமே இல்லாமல் இந்த வாயுவால்தான் செத்தார்கள். அப்படிப்பட்ட அறைக்கு மூன்று விஷயம் வேண்டும்: தீக்கு எட்டாத தூரத்தில் காற்று எடுக்கும் குழாய், எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வாசல், காற்றை உள்ளே தள்ள கையால் சுற்றும் விசிறி. படத்தில் இடிபாடு வழியை அடைத்துவிட, உள்ளே சிக்கியவர்களைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதைப்பு உண்மையானது. அத்தனை பேரும் நினைவோடு இருப்பதுதான் நம்ப முடியாதது.

டிராகனுக்கு வருவோம். வடிவமைப்பில் அவர்கள் எடுத்த நல்ல முடிவு, நான்கு கால் கொடுத்து முதுகில் தனியாகச் சிறகு ஒட்டவைக்காமல் விட்டது. பின்னங்கால் இரண்டு; முன்னங்கால்களே சிறகு. வௌவாலும், டைனோசர் காலத்தில் பறந்து திரிந்து அழிந்துபோன டெரோசார்களும் அப்படித்தான். முதுகெலும்பு உள்ள எந்த விலங்குக்கும் ஆறு கைகால் கிடையாது. அதனால் இந்த டிராகன் தரையில் ஊர்ந்து வரும்போது, சிறகின் மணிக்கட்டை ஊன்றி வருவதைப் பார்த்தால் கண் உடனே நம்பிவிடுகிறது. கிராபிக்ஸ் செய்தது டிஸ்னியின் ‘தி சீக்ரெட் லேப்’. அதற்கு முன் ‘டைனோசர்’ படத்தைச் செய்தவர்கள். இங்கே டிராகனை முழுசாகக் காட்டும் ஷாட்டுகள் குறைவு. புகை, மேகம், தூரம் எல்லாவற்றையும் திரையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் இருபது வருடத்துக்கு மேலாகியும் பழசாகத் தெரியவில்லை.

“அவ்வளவு பெரிய உடம்பு பறக்குமா?” என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பறக்கும் விலங்கு கெட்சல்கோட்லஸ் என்ற டெரோசார். சிறகு விரிப்பு சுமார் 10 மீட்டர், எடை சுமார் 200 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதையே ஐந்து மடங்கு நீட்டி 50 மீட்டராக்கினால் சிறகின் பரப்பு 25 மடங்கு கூடும், எடையோ 125 மடங்கு கூடும்: 25 டன். ஒவ்வொரு சதுர மீட்டர் சிறகும் ஐந்து மடங்கு பாரம் தாங்க வேண்டும். எழும்பத் தேவையான வேகம் இரண்டேகால் மடங்கு ஆகும். தரையிலிருந்து எம்பிக் கிளம்ப முடியாது. உயரத்திலிருந்து பாய்ந்து, வெப்பக் காற்றில் மிதப்பது மட்டுமே சாத்தியம். படத்தில் டிராகன் அதிகமும் மேலிருந்து பாய்ந்து வருவதும், கீழே தீ எரிந்துகொண்டே இருப்பதும் தற்செயலாகவேனும் இதற்குப் பொருந்துகிறது. தன் தீயே தனக்கு மேலெழும் காற்றைத் தருகிறது.

நெருப்பு கக்கும் முறைதான் படத்தின் மிகச் சிறந்த யோசனை. வயிற்றிலிருந்து தீ வருவதில்லை. வாயின் இரு பக்கமும் இரண்டு சுரப்பிகள். இரண்டு வெவ்வேறு திரவங்கள் பீய்ச்சி அடித்து, வாய்க்கு வெளியே ஒன்றையொன்று தொடும்போதுதான் பற்றுகின்றன. கிட்டத்தில் காட்டும்போது நிறுத்திப் பாருங்கள்: முதலில் இரண்டு மெல்லிய தாரை, அப்புறம்தான் தீ. இயற்கையில் இதற்கு மிக நெருக்கமாக ஒரு வண்டு இருக்கிறது. குண்டுவீச்சு வண்டு ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உடம்புக்குள் ஒன்றாகச் சேமித்து, ஆபத்து வந்தால் நொதிகள் இருக்கும் தனி அறைக்குள் தள்ளுகிறது. ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில், நொடிக்குச் சுமார் 500 துடிப்பாகக் கொதிதிரவம் பீறிடுகிறது. தீ வராது, ஆனால் எதிரிக்கு அதுவே போதும். தீயே வேண்டும் என்றால் ராக்கெட் பக்கம் பாருங்கள். ஹைட்ரசின் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் தொட்ட கணமே எரியும், பொறி வைக்கத் தேவையில்லை. அப்போலோ நிலவு ஊர்தியின் எஞ்சின்கள் அந்த முறையில்தான் ஓடின. வாய்க்கு வெளியே கலப்பதில் இன்னொரு நன்மை: டிராகனின் வாய் வேகாது. தொடக்கக் காட்சியில் சிறுவன் மேல் தெறிக்கும் அந்தத் திரவத்தை நினைவில் வையுங்கள். கடைசிக் காட்சிக்கு அது வேண்டும்.

டிராகன்கள் சாம்பலைத் தின்று வாழ்கின்றன என்கிறது படம். இந்த விஷயம் நெருப்பு மாதிரி இல்லை, அங்கே படம் வழுக்குகிறது. எரிந்த பிறகு மிஞ்சுவதுதான் சாம்பல். சக்தி எல்லாம் சூடாகப் போன பின் இருப்பது கால்சியமும் பொட்டாசியமும் மற்ற உப்புகளும். ஒரு டன் காய்ந்த விறகை முழுக்க எரித்தால் 5 முதல் 10 கிலோ சாம்பல் தேறும். 25 டன் மிருகம் தன் எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ தினமும் தின்ன வேண்டும் என்றால் 25 டன் விறகுக்குக் குறையாமல் எரிக்க வேண்டும். கிடைக்கும் கலோரியோ பூஜ்யம். உப்புக்காக மண்ணை நக்கும் யானைபோல, முட்டை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டித் தின்கிறது என்று சொல்லியிருந்தால் அழகாக நின்றிருக்கும். பாதி வெந்த இறைச்சியைத் தின்கிறது என்று சொல்லியிருந்தாலும் போதும்.

ஒரே ஒரு ஆண் டிராகன்தான் இருக்கிறது, அதைக் கொன்றால் இனமே அழியும் என்பது வான் ஜானின் திட்டம். கொன்ற இருநூறுக்கும் மேற்பட்டவற்றில் எல்லாமே பெண் என்பது அவனுக்குக் கிடைத்த ஆதாரம். மீன்போல முட்டைகளுக்கு மொத்தமாகக் கருவூட்டுகிறது என்ற விளக்கம் வரை ஒப்புக்கொள்ளலாம். பிறகு? கண்டம் விட்டுக் கண்டம் ஒரே ஆண் எப்படிப் போய்வந்தது? ஏற்கெனவே கருவுற்ற முட்டைகள் என்ன ஆயின? ராணித் தேனீ ஒருமுறை பெற்ற விந்தைப் பல வருடம் சேமித்து வைக்கிறது. டிராகன் அப்படிச் செய்யாது என்று யார் சொன்னது? ராஸ் வகை மீன்களில் ஆண் செத்தால் கூட்டத்தின் பெரிய பெண்ணே ஆணாக மாறிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2006இல் விழுந்தது. பிரிட்டனின் செஸ்டர், லண்டன் விலங்குக் காட்சியகங்களில் கொமோடோ டிராகன்கள் ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுக் கருவளர்த்ததை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அப்படிப் பிறப்பவை எல்லாமே ஆண். டிராகன் என்று பெயர் வைத்த உண்மையான பல்லியே இந்தத் திட்டத்தை உடைத்துவிடுகிறது. முடிவில் சில மாதங்களாக டிராகன் கண்ணில் படவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். குறைந்தது ஒரு தலைமுறை முட்டை பொரிக்கும் காலமாவது காத்திருக்க வேண்டாமா? வில் அம்பைக் கிண்டல் செய்பவர்கள் இங்கே வந்து சண்டை போட்டால் நானும் அவர்கள் பக்கம்.

வான் ஜான் கதாபாத்திரம் அளவுக்கு மீறிப் போகிறது என்பது பரவலான கருத்து. மொட்டைத் தலை, வாயில் சுருட்டு, உடம்பெங்கும் பச்சை குத்தல். மெக்கானஹே முந்தைய வருடம்தான் ‘தி வெட்டிங் பிளானர்’ மாதிரிக் காதல் படத்தில் வந்தவர் என்பதால் அன்று பார்த்தவர்களுக்கு ஒட்டவில்லை. எனக்கு அந்த நடிப்பு சரியாகவே படுகிறது. இருபது வருடம் கொன்றுகொண்டே இருப்பவன் நிதானமாகப் பேசினால்தான் பொய்யாக இருக்கும். பேல் குரலை அடக்கி நடிப்பதற்கு எதிரே அது நன்றாக மோதுகிறது. அவனுடைய வேட்டை முறையும் கவனிக்கத் தக்கது: தரையில் கருவிக் கம்பங்கள் நட்டு டிராகன் இருக்குமிடத்தைக் கணிப்பது, ஹெலிகாப்டரிலிருந்து ஆட்கள் குதித்து இரையாகப் போக்குக் காட்டுவது, வலையை வீசிச் சிறகை மடக்குவது. விழும் மனிதன் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுவான். அந்த வேகத்தில் பாராசூட் திறக்கும் உயரத்துக்கு முன் வேலையை முடிக்க அரை நிமிடம் சொச்சம்தான் இருக்கும். படத்தின் நல்ல சண்டை அதுதான். லண்டனில் நடக்கும் கடைசிச் சண்டை அதன் பக்கத்தில் நிற்காது.

பார்க்கும் முறை பற்றி, ஏனென்றால் “ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை” என்ற புகாரில் பாதி படத்தின் தப்பே இல்லை. ஒளிப்பதிவு ஏட்ரியன் பிடில், ‘ஏலியன்ஸ்’ எடுத்தவர். இயக்குநர் ராப் பௌமன் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில் ஊறியவர். இருவருக்கும் இருட்டு கைவந்த கலை. அயர்லாந்தின் விக்லோ மலைகளில் எடுத்து, முழுப்படத்தையும் சாம்பல் நிறத்தில் முக்கியிருக்கிறார்கள். புகையும் தீயும் வீடியோச் சுருக்கத்துக்கு மிகக் கஷ்டமானவை: ஒவ்வொரு ஃபிரேமிலும் உருவம் மாறிக்கொண்டே இருப்பதால் தரவு போதாமல் கட்டம் கட்டமாக உடையும். அதனால் கிடைத்தால் ப்ளூரே வட்டில் பாருங்கள். இணையத்தில் என்றால் மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்து, ஓடும் நடுவே தரம் இறங்காதபடி இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் சினிமா மோட் போட்டு, அசைவைச் செயற்கையாக மழமழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் டிராகனின் சிறகடிப்பு கார்ட்டூன் போல வழுக்கும். அறை விளக்கை அணைத்த பிறகும் கறுப்பு ஒரே திட்டாகத் தெரிந்தால், பிரைட்னஸை ஓரிரு படி மட்டும் கூட்டுங்கள். பின்விளக்கைக் கூட்டினால் சாம்பல் வெளுத்துப்போகும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அகலத்திரைப் படம் என்பதால். ஜூம் செய்து அதை நிரப்பினால் ஓரத்தில் வரும் டிராகனே வெட்டுப்படும்.

சப்வூஃபர் இருந்தால் போடுங்கள்; டிராகன் வருவதைப் பல இடங்களில் முதலில் சத்தம்தான் சொல்கிறது. வசனத்தில் பிரிட்டிஷ் உச்சரிப்பும் முணுமுணுப்பும் அதிகம், சப்டைட்டில் வையுங்கள். ஓட்டம் ஒரு மணி நாற்பது நிமிடம் சொச்சம்தான். ரத்தம் அதிகம் தெறிக்காது. ஆனால் அம்மா இறக்கும் தொடக்கமும் வயல் எரியும் காட்சியும் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தூங்கவிடாது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். வான் ஜான் கோடாரியோடு பாய்வதும், டிராகன் அவனை நடுவானில் கவ்விப் போவதும்தான் எல்லோருக்கும் ஞாபகம். அது வெறும் வீராவேசம். அதற்கு அப்புறம் க்வின் செய்வதைப் பாருங்கள். டிராகனை வாய் திறக்கவைக்கிறான், ஓடவில்லை, காத்திருக்கிறான். இரண்டு தாரையும் புறப்படும் அந்தக் கணத்தில் வெடிமுனை பூட்டிய அம்பை வாய்க்குள் அடிக்கிறான். வெளியே கலக்க வேண்டியது உள்ளேயே கலந்துவிடுகிறது. ஏழெட்டு நொடிதான், கண்ணை எடுத்தால் போய்விடும்.